தனியாள் கட்டணம்

காட்கோபரில், புடவைக் கடை ஒன்றின் மாடியில்,
ஹேதல் ஷா வரைபடத்தை விரித்தாள்.
ஏசிக் காற்றில் தான்சானியா படபடத்தது.
ஸ்டேப்ளரை எடுத்து அதன்மேல் வைத்தாள்.
"ஆறு ராத்திரி, ஏழு பகல், மேடம்.
கூடாரத்தில் வெந்நீர் வரும்.
சமையல்காரருக்கு ராஜ்கோட்,
வெங்காயம் பூண்டு இல்லாமலும் செய்து தருவார்.
சிங்கம் மட்டும் என் கையில் இல்லை."

பிறகு தாளைத் திருப்பி
பென்சில் முனையால் ஒரு வரியைத் தொட்டாள்:
தனியாள் கூடுதல் கட்டணம்,
எழுபத்தெட்டாயிரம்.
கூடாரத்துக்கு இரண்டு கட்டிலாம்.
ஒன்றில் யாரும் படுக்காமலிருக்க
நான் தர வேண்டியது அது.

முப்பத்தாறு வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில்
நடக்காதவற்றுக்குத்தான் ரசீது கிழித்தேன்.
எரியாத கிடங்கு, கவிழாத லாரி,
செத்துப்போகாத கணவர்கள்.
இந்தக் கணக்கு எனக்குப் புரியாததில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

நீலம் கூடாது, கறுப்பு கூடாது என்றது குறிப்பு.
அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும்
ஈ ஒன்று உண்டாம் அங்கே.
செம்பூர் வந்து அலமாரியைத் திறந்தேன்.
நீலம். நீலம். கறுப்பில் ஜரிகை. நீலம்.
இத்தனை வருடம்
அந்த ஈக்காகவே உடுத்தியிருக்கிறேன் போல.

காக்கிக் கால்சட்டை கேட்டேன்.
"பையனுக்கு என்ன வயசு?" என்றான் கடைக்காரன்.
"அறுபது நடக்கிறது."

தம்பி பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தான்.
"மந்தை ஆறு தாண்டுவதைப் பார்க்கவா இத்தனை லட்சம்?
காலை எட்டரைக்கு குர்லாவில் நின்றால் போதாதா?"
அவன் குர்லாவில் நின்றதில்லை.
அங்கே யாரும் தயங்குவதில்லை.
நான் பார்க்க நினைப்பது தயக்கத்தை.
கரைவரை வந்து, நீரை முகர்ந்து,
முன்குளம்பு நனைந்ததும்
ஆயிரக்கணக்கில் அப்படியே
திரும்பிப் போய்விடுமாமே சில நாள்,
அதை.
'கடக்காவிட்டால் பணம் திரும்ப வராது'
என்ற வரிக்கு ஹேதல்
சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை, துறைமுகத்துப் பக்கம், தடுப்பூசி.
மஞ்சள் காய்ச்சல் வரிசையில்
முக்கால்வாசி கப்பல்காரர்கள்.
போட்டபின் அரைமணி உட்காரச் சொன்னார்கள்,
மயக்கம் வருகிறதா என்று பார்க்க.
பக்கத்து நாற்காலியில் ஜெரோம் தல்மேதா, தூத்துக்குடி.
பழைய அட்டையைத் தொலைத்துவிட்டு வந்திருந்தார்.
"ஆப்பிரிக்காவுக்கு இருபது தடவ போயிருக்கேன்க்கா.
லாகோஸ், மொம்பாசா, டர்பன்.
கிரேன் பாத்திருக்கேன். சிமெண்டு மூட்டை பாத்திருக்கேன்.
ஒருக்கா ராத்திரி வடம் வழியா ஒரு பூனை ஏறி வந்திச்சி.
அவ்வளவுதான் மிருகம்."
கொஞ்சம் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"ஒட்டகச்சிவிங்கிக்குச் சத்தமே கெடையாதுங்காவளே,
நெசமா?
கேட்டுட்டு வந்து சொல்லுங்க."
டோக்கன் சீட்டின் பின்னால்
நம்பர் எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் போனால்தான் அட்டை செல்லுபடியாகும்.
அதுவரை தோள் வலிக்கிறது,
எடைபார்க்கும் கருவி கூடத்தில் கிடக்கிறது.
சின்ன விமானத்தில் பதினைந்து கிலோ,
அதுவும் சக்கரமில்லாத துணிப்பை.
பிளாஸ்டிக் உறை ஒன்றுகூட ஆகாது என்பதால்
ரசப்பொடி எவர்சில்வருக்கு மாறி
எடை கூடியது.
சம்புடத்தை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.

வீட்டுக் கட்டிலும் இரட்டைதான்.
மறுபாதியில் மடிக்காத துணி மேடு தட்டிக் கிடக்கிறது.
அதற்கு இதுவரை யாரும் பில் போட்டதில்லை.

பதினான்கே முக்கால் காட்டியது முள்.
கால் கிலோ மிச்சம்.
எழுந்துபோய், இருப்பதிலேயே ஆழ்ந்த நீலத்தில்
ஒரு ஷிபானை உருவிப் பைக்குள் திணித்தேன்.
உடுத்த இல்லை.
இரண்டாவது கட்டிலில் விரித்துப் போட.
தேடி வருகிற ஈ வரட்டும்,
பணம் கட்டியாயிற்று.